பேத்தி கேட்ட கேள்வியும் மூன்று கல்லூரிகளின் பாதுகாப்பு அறிக்கையும்

என் பேத்தி மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருடம் இங்கே, மிச்ச இரண்டு வருடம் அமெரிக்காவில் என்று ஏற்பாடு. வருகிற ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். மூன்று பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருக்கின்றன. கட்டணம், உதவித்தொகை, எத்தனை பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்பதையெல்லாம் அவளும் என் மகளும் அலசி முடித்துவிட்டார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தாத்தா, மூணுல எது பத்திரமான இடம்?"

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தேட முடியும் என்று அன்று நான் நினைக்கவில்லை. முடிகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன், நம் பிள்ளைகளை அங்கே அனுப்ப நினைக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்தில் பங்கு பெறும் கல்லூரி எதுவானாலும், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1ஆம் தேதிக்குள் ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டாக வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வளாகத்தில் என்னென்ன குற்றங்கள் குறித்துப் புகார் வந்தது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். அந்த அறிக்கைகளையும், எல்லாக் கல்லூரிகளின் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் அமெரிக்கக் கல்வி இலாகாவின் இணையத்தளத்தையும் பற்றித்தான் இந்த மதிப்புரை. காசு கட்ட வேண்டாம். பிள்ளை இன்னும் சேரவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். சேர நினைக்கிற மாணவர் கேட்டாலே பிரதி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நான் 31 வருடம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன். ஆகவே இந்த அறிக்கைகளை நான் படித்த விதம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேசையில் சிவப்புத் துணி முதுகு போட்ட ஒரு நீளப் புத்தகம் இருக்கும். நாள், நேரம், பெயர், அடையாளக் கார்டு எண், என்ன காயம், எங்கே, எப்படி. கடைசிக் கட்டத்தில், வேலையில் பட்டதா இல்லையா என்று எழுத வேண்டும். எண்பதுகளில் ஒரு நாள், மருந்தடிக்கப் போன ஓர் அம்மாவுக்குக் கண்ணில் பாராகுவாட் களைக்கொல்லி தெறித்துவிட்டது. திண்ணையில் உட்கார வைத்துக் கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டார். "வீட்டுல பட்டதுன்னு எழுதிடு டிரசர். இந்த வருஷம் இதுவரைக்கும் ஒரு ஆக்சிடெண்ட்டும் இல்ல" என்றார். எழுதிவிட்டேன். அந்த ஆண்டுப் புத்தகத்தில் வேலை விபத்து பூஜ்யம். அந்த அம்மாவுக்கு வலது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. நட்டஈடு கேட்கப் போனபோது, வேலையில் நடந்தது என்பதற்குப் பதிவே இல்லை. அந்தப் பதிவு இல்லாமல் போனது என் கையெழுத்தால். அவர் காலமாகும் வரை பெருமாள் கோயிலில் பார்த்தால் "டிரசர் ஐயா, சுகமா?" என்றுதான் கேட்பார்.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தில் பூஜ்யத்தைப் பார்த்தாலும், எழுத வேண்டிய ஆள் யார், அவரை எழுத விட்டார்களா என்றுதான் என் மனம் முதலில் கேட்கும்.

இந்தச் சட்டம் பிறந்த கதையும் அப்படி ஒரு மறைப்பிலிருந்து வந்ததுதான். 1986 ஏப்ரல் 5. பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகம். ஜீன் கிளரி என்ற 19 வயது முதலாம் ஆண்டு மாணவி, தன் விடுதி அறையிலேயே பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். செய்தவன் அதே கல்லூரி மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய மூன்று கதவுகளைத் தாண்டி வந்தான். மூன்றையும் யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்ததைப் பெற்றோர் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். முன்பே தெரிந்திருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்க மாட்டோம் என்றார்கள். கான்னி, ஹோவர்ட் என்ற அந்தத் தம்பதி கல்லூரி மேல் வழக்குப் போட்டு, கிடைத்த பணத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கி, மாநிலம் மாநிலமாக அலைந்தார்கள். 1990இல் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. 1998இல் அதற்கு மகளின் பெயரை வைத்தார்கள். கிளரி சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

முதலில் இணையத்தளம். கல்லூரிப் பெயரைத் தட்டினால் குற்றக் கணக்கு ஆண்டுவாரியாக வருகிறது. கைத்தொலைபேசியில் பார்க்கச் சிரமம். அட்டவணை பக்கவாட்டில் ஓடுகிறது, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் கண் வலி வந்துவிட்டது. மகளின் கணினியில் பரவாயில்லை. இந்தக் கணக்கெல்லாம் கல்லூரிகளே அனுப்பியவை, இலாகா தனியாகச் சரிபார்க்கவில்லை, சரிதான் என்று உறுதி சொல்லவும் முடியாது என்று அவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த எண்கள் வந்த புகார்களைக் குறிக்கின்றன, தண்டனை கிடைத்த வழக்குகளை அல்ல என்ற குறிப்பும் இருக்கிறது. இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. தளத்துக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம்.

அப்புறம் அறிக்கைகள். மூன்று கல்லூரிகளுக்கும் அவற்றின் பெயரைச் சொல்லாமல் நான் வைத்துக்கொண்ட அடையாளம்: சிறியது, நகரத்தது, பெரியது. சிறியது ஊரை விட்டுத் தள்ளி, மரங்களுக்கு நடுவே இருக்கிறது. நகரத்தது பெரிய பட்டணத்தின் மத்தியில். பெரியது ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம். பெரியதின் அறிக்கை 118 பக்கம். சந்தைக்கு எதிரே உள்ள போட்டோஸ்டேட் கடையில் பக்கத்துக்கு 20 சென் கொடுத்து எடுத்தேன், 23 வெள்ளி 60 சென். திரையில் படித்தால் எனக்கு மனதில் நிற்காது. பென்சிலால் கோடு போட வேண்டும்.

உள்ளே முக்கால்வாசி கொள்கைகளும் நடைமுறைகளும். புகார் எங்கே கொடுப்பது, விசாரணை எப்படி நடக்கும், பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை. நம் கண் போக வேண்டியது அட்டவணைக்கு. கொலை, பாலியல் தாக்குதல், வழிப்பறி, கடுமையான தாக்குதல், கட்டடம் புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, தீவைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. 2013இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காதலர் வன்முறை, குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது ஆகியவையும் சேர்ந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் இடவாரியான கட்டங்கள்: வளாகத்துக்குள், அதில் விடுதியில் மட்டும் எத்தனை, வளாகத்துக்கு வெளியே கல்லூரிக்குச் சொந்தமான இடங்களில், வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலைகளில்.

சிறியதின் அட்டவணையில் மூன்று ஆண்டும் பாலியல் குற்ற வரிசைகள் எல்லாம் பூஜ்யம். பின்தொடர்ந்த தொல்லை பூஜ்யம். காதலர் வன்முறை பூஜ்யம். மாணவர்களில் பெரும்பாலோர் விடுதியிலேயே தங்கும் கல்லூரி அது. பேத்திக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். பெரியதின் அட்டவணையைத் திருப்பியதும் முகம் மாறிவிட்டது, அதில் பெரும்பாலான கட்டங்களில் எண் இருந்தது.

"அப்போ சின்னதுதானே தாத்தா நல்லது?"

நான் அவளுக்கு அந்த மருந்தடிப்பு அம்மாவின் கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் வீட்டில் அதை நான் சொன்னதே இல்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யார் யார் எழுத வேண்டும் என்பது. காவலாளி மட்டும் இல்லை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவர், விளையாட்டுப் பயிற்றுநர், மாணவர் நலன் பார்க்கும் அதிகாரி, இவர்கள் காதுக்கு ஒரு குற்றம் வந்தால் கணக்கில் சேர்க்கச் சொல்லியாக வேண்டும். மனநல ஆலோசகருக்கும் சமய ஆலோசகருக்கும் விலக்கு உண்டு, அந்தரங்கமாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. தோட்டத்தில் மண்டோரும் (மேற்பார்வையாளர்) ஆயாவும் என்னிடம் வந்து சொல்லாவிட்டால் என் புத்தகத்தில் ஒன்றும் ஏறாது. அங்கேயும் அப்படித்தான். கட்டத்தில் எண் இருக்கிறது என்றால் யாரோ ஒரு பெண் துணிந்து சொல்லியிருக்கிறாள், கேட்டவர் எழுதியிருக்கிறார் என்று பொருள். ஏறிய வரியை அடிப்பதும் அவ்வளவு எளிதில்லை. ஒரு புகாரை ஆதாரமற்றது என்று கணக்கிலிருந்து நீக்க, அதிகாரம் பெற்ற போலீசார் முழுமையாக விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். கல்லூரி நிர்வாகம் தானாக நீக்கக் கூடாது. நீக்கியவை எத்தனை என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும். அந்த ஒரு விதி என் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்காகப் பூஜ்யம் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. விடுதியே இல்லாத, மாலை நேர வகுப்பு மட்டும் நடத்தும் கல்லூரியில் உண்மையாகவே பூஜ்யம் வரலாம். சிறியது அந்த வகை இல்லை.

நகரத்ததின் அறிக்கையில் எண்கள் இருக்கின்றன. அதில் என்னைக் கோபப்படுத்தியது வேறு. காணாமல் போன மாணவர் பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி மாணவர் யாரை வேண்டுமானாலும் இரகசியத் தொடர்பாளராகப் பதிந்து வைக்கலாம், காணவில்லை என்று முடிவானால் 24 மணி நேரத்துக்குள் அவருக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும், மிக அவசியமான பகுதி. நடு வரியில் வேறொரு கல்லூரியின் பெயர் கிடக்கிறது! யாருடைய அறிக்கையையோ பார்த்து எழுதி, பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அப்படியானால் இந்த நடைமுறையை அங்கே யார் படித்திருப்பார்கள், யார் பின்பற்றுவார்கள்? பேத்தி காணவில்லை என்று நாங்கள் இங்கிருந்து தொலைபேசியில் கதறினால், எடுக்கிற ஆளுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்குமா?

அட்டவணையில் வராதவற்றையும் சொல்ல வேண்டும். இதை நான் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. நூலகத்தில் மேசை மேல் வைத்த மடிக்கணினி களவு போனால் இந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது. இன, மத வெறுப்பு போன்றவற்றால் செய்தது என்று தெரிந்தால் மட்டுமே சாதாரணத் திருட்டைச் சேர்ப்பார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, வாடகை வீடு. கல்லூரிக்குச் சொந்தமில்லாத தனியார் அடுக்குமாடியில் நடப்பது எதுவும் கணக்கில் இல்லை, வளாகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாலும். இங்கிருந்து போகிற நம் பிள்ளைகள் பலர் செலவு குறையும் என்று நாலு பேர் சேர்ந்து வெளியே வீடு எடுக்கிறார்கள். அந்தத் தெருவைப் பற்றி இந்த அறிக்கை பேசாது.

திருட்டு விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வளாகப் போலீசோ பாதுகாப்புப் பிரிவோ உள்ள கல்லூரிகள் தினசரிக் குற்றப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். தகவல் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத வேண்டும்: என்ன குற்றம், நாள், நேரம், பொதுவாக எந்த இடம், என்ன முடிவு. கடைசி 60 நாள் பதிவை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். இதுதான் என் சிவப்பு முதுகுப் புத்தகம். பெரியது இதை இணையத்திலேயே போடுகிறது. மிதிவண்டித் திருட்டு, விடுதிச் சலவை அறையில் காணாமல் போன துணி, நள்ளிரவில் கதவைத் தட்டிய குடிகாரன், எல்லாம் இருக்கிறது. இரண்டு மாதப் பதிவை வரிவரியாகப் படித்தால் அந்த வளாகத்து இரவுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

மூன்று கல்லூரிகளுக்கும் பேத்தி பெயரில் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். பதிவேட்டைப் பார்க்க முடியுமா, கணக்கைப் பற்றி ஒருவரிடம் பேச முடியுமா என்று. பெரியதிலிருந்து மறுநாளே ஓர் அதிகாரி எழுதினார். எந்த விடுதியில் எண் கூடுதல், ஏன், அங்கே கதவுப் பூட்டை எப்போது மாற்றினார்கள் என்பது வரை. நகரத்ததிலிருந்து நான்காம் நாள் மரியாதையான பதில். சிறியதிலிருந்து பதினோராம் நாள் இரண்டு வரி: அறிக்கையின் இணைப்பு, பதிவேட்டை நேரில் வந்து பார்க்கலாம். சட்டப்படி அது தவறு இல்லை. ஆனால் நேரில் போக முடியாத வெளிநாட்டு மாணவிதான் கேட்கிறாள் என்று கடிதத்தில் எழுதியிருந்தோமே.

எச்சரிக்கைகளைப் பற்றிக் கொஞ்சம். ஆபத்து தொடரக்கூடிய குற்றம் என்றால் கல்லூரி காலதாமதமின்றி எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று சட்டம் மணிக்கணக்குச் சொல்லவில்லை. அதன் விலையை 2007 ஏப்ரல் 16 அன்று வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். காலை ஏழே கால் வாக்கில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. சற்று நேரத்தில் அதே கொலையாளி வகுப்புக் கட்டடத்துக்குள் புகுந்துவிட்டான். அன்று கொல்லப்பட்ட 32 பேரில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்தவர், நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாமதத்துக்குக் கல்வி இலாகா விதித்த அபராதம் 55,000 டாலர், கல்லூரி வாதாடிக் குறைத்துக் கடைசியில் கட்டியது 32,500. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, உயிராபத்து உறுதியானால் உடனே அறிவிக்க வேண்டும் என்றும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பெரியதில் பெற்றோரும் இந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பதியலாம். அங்கே இரவு பத்து என்றால் இங்கே காலை பத்து, மகள் வேலையில் இருப்பாள். என் எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அபராதம் இப்போது ஏறியிருக்கிறது. 2024 மார்ச்சில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 14 மில்லியன் டாலர், இதுவரை இல்லாத தொகை. எனக்கு அதைவிட மனதில் நிற்பது ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம். 2006 டிசம்பரில் ஒரு மாணவி விடுதி அறையில் இறந்து கிடந்தாள். சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று குடும்பத்திடம் சொன்னார்கள். சுமார் பத்து வாரம் கழித்துச் சக மாணவன் ஒருவன் கைதான பிறகுதான் அது கொலை என்று அப்பா அம்மாவுக்கே தெரிந்தது. கல்லூரி 350,000 டாலர் கட்டியது, தலைவருக்கு வேலை போனது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

தீப் பாதுகாப்புக் கணக்கு மூன்றிலும் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு விடுதியிலும் நீர் தெளிப்பான் உண்டா, ஆண்டுக்கு எத்தனை தீப்பயிற்சி, தீ எதனால் பிடித்தது என்று கட்டடவாரியாக. பலகை லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புதிதாக ஒன்று வருகிறது. 2024 டிசம்பரில் சட்டத்தை மறுபடி திருத்திப் பகடிவதையையும் (ராகிங்) சேர்த்துவிட்டார்கள். 2025ஆம் ஆண்டிலிருந்து அதையும் எண்ண வேண்டும். எந்த மாணவர் அமைப்பு செய்தது என்று பெயரோடு இணையத்தில் போடவும் வேண்டும். நம் நாட்டில் 2017இல் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி மாணவரை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுச் சித்திரவதை செய்து கொன்றதை யார் மறக்க முடியும்? பேத்தி இங்கே சேரும்போது நாங்கள் வாங்கி வந்த கல்லூரிக் கையேடுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. நீச்சல் குளத்தின் படம் எல்லாவற்றிலும் இருக்கிறது. விடுதியில் எத்தனை புகார் வந்தது என்ற ஒரு வரி எதிலும் இல்லை. இங்கேயும் அப்படி ஒரு பக்கம் கட்டாயமாக வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது கேட்கப்போகிறேன்.

சரி, நட்சத்திரம். பெரியதுக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது, 118 பக்கத்தில் அட்டவணையை 90ஆம் பக்கத்துக்குப் பின்னால் வைத்ததற்கு. நகரத்ததுக்கு இரண்டரை. சிறியதுக்கு ஒன்று. மகளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை, எண் இருக்கிற இடத்துக்கு எப்படிப்பா அனுப்புவது என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பேத்தி பெரியதுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டாள். வெளியே வீடு எடுப்பதில்லை, முதல் வருடமாவது விடுதிதான் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அடுத்த அறிக்கை அக்டோபர் 1ஆம் தேதிக்குள் வர வேண்டும். பகடிவதைக் கட்டத்தில் மூன்று கல்லூரிகளும் என்ன எழுதியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.